எது வரைக்கும் வந்தது?

“சிஸ்டம் ஆன் ஆகல, தம்பி.”

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு மாடிக் கடையில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவர்கள் எல்லோரும் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பிரவுசிங் சென்டர், டிடிபி கடை, அரிசி மண்டி, பள்ளிக்கூட ஆபீஸ் என்று எங்கிருந்து வந்தாலும் புகார் மாறாது. ஆனால் பெட்டியை மேசையில் வைத்து வயரைச் சொருகிப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் நின்றிருக்கும். ஒன்றில் விளக்கே எரியாது. இன்னொன்றில் ஃபேன் சுற்றும், திரை இருட்டாக இருக்கும். வேறொன்றில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி ஆங்கிலம் வந்து நிற்கும். மற்றொன்று விண்டோஸ் படம் வரை போய், சட்டென்று அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். உரிமையாளருக்கு இவை எல்லாம் ஒன்றுதான்: வேலை ஓடவில்லை. பழுது பார்ப்பவருக்கோ இந்த வித்தியாசங்கள்தாம் முழு விஷயமும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கடையின் மூத்த மெக்கானிக். எல்லோருக்கும் அவர் அண்ணன். கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன் ரேடியோவும் டிவியும் பார்த்தவர். இன்ஜினியரிங் படித்தவர் இல்லை. ஆனால் ஒரு பெட்டியின் முன் அவர் உட்காரும்போது அவரிடம் இருந்த நிதானத்தை நான் பிற்காலத்தில் பெரிய பட்டம் வாங்கியவர்களிடம்கூட அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் பெட்டியை ஒரு தடவை ஆன் செய்து கையைக் கட்டிக்கொண்டு கவனிப்பார். காதைக் கொடுத்துக் கேட்பார். பிறகு ஒரு அட்டையில் என்ன பார்த்தார் என்று எழுதுவார். நான் பக்கத்தில் நின்று “ராம் போயிருக்கும்ணே”, “போர்டு போயிருக்கும்ணே” என்று ஊகம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுச் சொல்வார்:

“என்ன கெட்டுப்போச்சுன்னு கேக்காத. எது வரைக்கும் வந்துச்சுன்னு கேளு.”

கட்டட வேலையில் செங்கல் ஏற்றுவதை உதாரணமாகச் சொன்னார். கீழிருந்து மாடி வரை ஆட்கள் வரிசையாக நின்று ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் செங்கலைக் கொடுப்பார்கள். மேலே செங்கல் வரவில்லை என்றால் மேஸ்திரி ஒவ்வொருவரையும் திட்டமாட்டார். கடைசியாக யார் கையில் செங்கல் இருக்கிறது என்று பார்ப்பார். கோளாறு அவரிடம் இருக்கும், அல்லது அவருக்கு அடுத்தவரிடம் இருக்கும். கீழே நிற்பவர்கள் எல்லோரும் சரியாகத்தான் இருக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் கிளம்புவதும் அப்படித்தான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றுகிறது. வோல்டேஜ் நிலைபெற்றதும் சாம்பல் நிற வயர் வழியாக “எல்லாம் தயார்” என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்புகிறது. அந்த சிக்னல் வரும் வரை பிராசஸர் அசையாமல் காத்திருக்கும். வந்ததும் பயாஸ் சிப்பில் எழுதியிருக்கும் முதல் கட்டளையைத் தேடிப் போகும். பயாஸ் ராமைச் சோதிக்கும், திரைக்கு உயிர் கொடுக்கும், கீபோர்டைத் தட்டிப் பார்க்கும், டிஸ்க்கைத் தேடும். டிஸ்க்கின் முதல் பகுதியில் இருக்கும் 512 பைட்டுகளைப் படித்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும். அது விண்டோஸின் தொடக்க நிரலை அழைக்கும். அதற்கப்புறம்தான் நமக்குப் பழகிய படம் திரையில் வரும். இத்தனை கை மாறல்களும் ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிகின்றன. ஒவ்வொரு இடத்திலும் ஒரு அடையாளம் உண்டு: ஒரு விளக்கு, ஒரு சத்தம், ஒரு வரி எழுத்து. அந்த அடையாளங்களைப் படிக்கத் தெரிந்தால் ஊகம் தேவையில்லை.

முதல் கட்டம் மின்சாரம். பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்காத பெட்டிகள் பார்ப்பவர்களை மிகவும் பயமுறுத்தும். “முழுசா போச்சு” என்ற முடிவோடுதான் கொண்டுவருவார்கள். உண்மையில் அதிகம் தொந்தரவு தராத பெட்டிகள் அவைதாம். முதலில் பெட்டிக்கு வெளியே பார்க்க வேண்டும்: பிளக், ஸ்பைக் பஸ்டர், யுபிஎஸ், பவர் கார்டு. எஸ்எம்பிஎஸ் பின்பக்கம் சிவப்பாக ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் பல பெட்டிகளில் இருந்தது, 115, 230 என்று இரண்டு நிலைகளோடு. வீடு பெருக்கும்போதோ குழந்தைகள் கை பட்டோ அது 115க்கு நகர்ந்திருந்தால், நம் ஊர் மின்சாரத்தில் எஸ்எம்பிஎஸ் அங்கேயே வெடித்துவிடும். அதனால் வயரைச் சொருகுவதற்கு முன் அந்த சுவிட்ச்சைப் பார்ப்பது எங்கள் கடையின் சட்டம்.

அதன் பிறகு முன்பக்கப் பட்டன். ஆயிரக்கணக்கான தடவை அழுத்திய அந்தச் சின்ன சுவிட்ச் தேய்ந்துபோவது சகஜம். மதர்போர்டின் ஓரத்தில் அந்தப் பட்டனின் வயர் வந்து சேரும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும். பெட்டி ஓடினால் கோளாறு பட்டனில்தான். அண்ணன் இதற்கு ஒரு செலவில்லாத வைத்தியம் வைத்திருந்தார். ரீசெட் பட்டனின் வயரை எடுத்துப் பவர் பட்டனின் இடத்தில் சொருகிவிடுவார். “இனிமே இந்தச் சின்னப் பட்டன அமுக்குங்க” என்று சொல்லி, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவைப்பார். காசு வாங்கமாட்டார்.

அதிலும் ஓடவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே கழற்றிச் சோதிப்போம். பெரிய கனெக்டரில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். அதையும் ஒரு கறுப்பு வயரையும் சின்னக் கம்பித் துண்டால் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் தானாகவே ஓட வேண்டும். ஃபேன் சுற்றியதும் பலர் “நல்லாருக்கு” என்று முடிவுகட்டிவிடுவார்கள். அண்ணன் அதோடு விடமாட்டார். ஒரு பழைய சிடி டிரைவை மாட்டிச் சுமை கொடுத்து, மல்டிமீட்டரை வைத்து, மஞ்சள் வயரில் 11.4க்கும் 12.6க்கும் இடையில், சிவப்பில் 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்ப்பார். சும்மா இருக்கும்போது நிமிர்ந்து நிற்கும் வோல்டேஜ் சுமை ஏறியதும் சரிந்துபோகும் எஸ்எம்பிஎஸ்கள் நிறைய. ஆனால் அதன் மூடியைத் திறக்க எனக்கு நீண்ட காலம் அனுமதி இல்லை. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். தெரியாதவர் தொடக்கூடாத இடம் என்று அவர் சொன்னதை நானும் என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு அதே கண்டிப்போடு சொல்லிவருகிறேன்.

இரண்டாம் கட்டம்: ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. எங்கள் கடைக்கு வந்த பெட்டிகளில் பெரும்பகுதி இந்த வகைதான். இங்கே அண்ணன் முதலில் கேட்டது கீபோர்டை. நம்லாக் பட்டனை அழுத்தச் சொல்வார். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் கம்ப்யூட்டர் உள்ளே உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது, திரைக்குப் படம் போகும் பாதையில் மட்டும்தான் கோளாறு என்று அர்த்தம். மானிட்டர் கேபிளின் ஊசி வளைந்திருக்கலாம், டிஸ்ப்ளே கார்டு இடத்தைவிட்டு எழும்பியிருக்கலாம். விளக்கு அசையவில்லை என்றால் நிற்கும் இடம் அதற்கு முன்னால்.

அடுத்து சத்தம். பயாஸுக்குத் திரை கிடைக்காதபோது பேசுவதற்கு இருந்த முக்கிய வழி பீப் ஒலிதான். நீண்ட பீப் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ராம். அவார்டு பயாஸில் ஒரு நீளம், இரண்டு குறுக்கம் என்றால் டிஸ்ப்ளே. பயாஸ் தயாரித்த கம்பெனியைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். விலை குறைவான பெட்டிகளில் அந்தச் சின்ன ஸ்பீக்கரையே மாட்டாமல் விட்டிருப்பார்கள். அதனால் அண்ணன் வயரோடு ஒரு ஸ்பீக்கரைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். பெட்டியைத் திறந்ததும் அதைப் போர்டில் மாட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

அவரிடம் நான் கற்றதில் மிகவும் அழகான சோதனை ஒன்று உண்டு. ராமை முழுவதுமாகக் கழற்றிவிட்டு ஆன் செய்வது. கேட்பவருக்கு இது வினோதமாகப் படும், ராம் இல்லாமல் கம்ப்யூட்டர் எப்படி ஓடும் என்று. ஓடாதுதான். ஆனால் “ராம் இல்லை” என்று அது கத்த வேண்டும். கத்தினால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது, பிராசஸர் நன்றாக இருக்கிறது, பயாஸ் நன்றாக இருக்கிறது, போர்டின் பெரும்பகுதி நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு பீப் ஒலியில் இத்தனையும் தெரிந்துவிடும். அந்தச் சத்தம் வரும்போது கடையில் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி படர்வதைப் பார்த்திருக்கிறேன். புகார் சொல்லும் இயந்திரம் இன்னும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலும் ராமில் கோளாறு அதன் சிப்பில் இருக்காது. கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்முலாம் பூசிய பற்களில்தான் இருக்கும். மதுரைத் தூசியும் ஆடி மாதக் காற்றும் சேர்ந்து பெட்டிக்குள் புகுந்து அந்தப் பற்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை ஏற்றிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் மெத்தென்ற வெள்ளை ரப்பரால் அதை ஒரே திசையில் தேய்த்து, பிரஷால் துகளைத் தட்டிவிட்டுத் திரும்பச் சொருகினால் பெட்டி எழுந்துவிடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் படும். பற்களை விரலால் தொடக் கூடாது, வியர்வை உப்பு ஒட்டும். தொடுவதற்கு முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொட்டு, உடம்பில் தேங்கிய நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். இந்தச் சின்ன ஒழுங்குகள் எல்லாம் ஒருவரின் வேலையில் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் இன்றைக்கும் நான் ஒரு மெக்கானிக்கை மதிப்பிடுகிறேன்.

ரப்பருக்கும் அசையாத பெட்டியை முழுவதுமாகப் பிரிப்போம். போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு காய்ந்த அட்டையின் மேல் வைத்து, பிராசஸர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் இவற்றை மட்டும் மாட்டி ஓட்டுவோம். ஓடினால் ஒவ்வொரு பாகமாகச் சேர்ப்போம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்ற வேண்டும் என்பதில் அண்ணன் விட்டுக்கொடுக்கவே மாட்டார். இரண்டை ஒன்றாக மாற்றி ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று தெரியாமலே பெட்டியை அனுப்பவேண்டியிருக்கும். அது அவரைப் பொறுத்தவரை பழுது பார்த்ததாகவே ஆகாது. நல்ல பாகத்தை “போச்சு” என்று சொல்லி வாடிக்கையாளரிடம் காசு வாங்குவதற்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை என்பார்.

சில பெட்டிகள் எழுந்து கொஞ்ச நேரத்தில் அணைந்துபோகும். அவை சூட்டின் குற்றம். பெண்டியம் 4 பிராசஸர் நிறையச் சூடாகும் ரகம். அதன் மேலிருக்கும் ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் தூசி கம்பளிபோல் அடைந்திருக்கும், இடையில் தடவிய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். அந்த ஹீட்சிங்க்கை அவசரமாகப் பிடுங்கினால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், கீழே இருக்கும் 478 ஊசிகளில் சில வளைந்துவிடும். அதனால் பெட்டியைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளகவைத்து, அணைத்து, மெதுவாகத் திருகி எடுப்போம்.

அரிசி மண்டி ஒன்றிலிருந்து வந்த பெட்டியின் கதை வேறு. ஒவ்வொரு காலையும் கறுப்புத் திரையில் ஒரு ஆங்கில வரி வந்து, எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். அழுத்தினால் ஓடும். ஆனால் பில்லில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். மண்டி முதலாளி வைரஸ் என்று பயந்துவிட்டார். காரணம் போர்டில் இருந்த ஒரு ரூபாய் அளவிலான பட்டன் செல். சிஆர்2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். பெட்டி அணைந்திருக்கும் நேரத்தில் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றி வைப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டால் தேதியோடு சேர்ந்து, எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற வரிசையும் மறந்துபோகும். முதலில் ஃப்ளாப்பியைத் தேடும். அதில் யாராவது ஒரு ஃப்ளாப்பியை விட்டுவைத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். பின்னாட்களில் ஃப்ளாப்பியின் இடத்தைப் பென்டிரைவ் பிடித்தது. “ஆன் ஆகல” என்று வந்த பல பெட்டிகளின் பின்பக்கத்தில் மறந்துபோன பென்டிரைவ் ஒன்று சொருகியபடியே இருக்கும்.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் இந்தத் தொழிலில் என் மனத்தை நிலையாகப் பிடித்துவைத்தது ஒரு டிடிபி கடைக்காரரின் பெட்டிதான்.

அவர் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடித்துப் பிழைத்தவர். அதோடு, ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் அடங்கிய பெரிய தொகுப்பொன்றைப் பல வருடமாகப் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் அடித்துவந்தார். ஆசிரியர் ஒவ்வொரு கத்தை கையெழுத்துப் பிரதியாகக் கொண்டுவருவார். இவர் அடித்துத் திருத்தி முடித்ததும் ஆசிரியர் கத்தையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆசிரியர் காலமான பிறகு அந்தக் கத்தைகள் வீட்டில் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியவில்லை. ஆக, அத்தனை பாட்டும் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன.

டிடிபிகாரரின் பெட்டிக்கு ஒரு விசித்திரமான பழக்கம் வந்திருந்தது. காலையில் ஆன் செய்தால் ஃபேன் மட்டும் சுற்றும். அணைத்து, மறுபடி ஆன் செய்து, இப்படிப் பல தடவை செய்தபின் திடீரென்று எழுந்துவிடும். எழுந்தபின் நாள் முழுக்க நன்றாக ஓடும். அதனால் அவர் அதை அணைப்பதையே விட்டுவிட்டார். இரவெல்லாம் ஓடவிட்டார். அப்படியே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் 2008இல் ஊருக்கு ஊர் நேரம் வைத்து மின்வெட்டு வரத் தொடங்கியது. அவருடைய யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பியபோது பெட்டி எழவே இல்லை.

“தம்பி, ஒரே ஒரு தடவை ஆன் பண்ணிக் குடுத்துருங்க. அப்புறம் நான் அணைக்கவே மாட்டேன்” என்றார். அவர் குரலில் இருந்தது ஒரு வியாபாரியின் கவலை அல்ல.

அண்ணன் பெட்டியைத் திறந்து, போர்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டினார். பிராசஸரைச் சுற்றி வரிசையாக நின்ற சின்ன உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். அவற்றில் பாதி உப்பியிருந்தன. சிலவற்றின் தலையில் பொறித்திருந்த கீறல் வழியாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அந்தக் கெப்பாசிட்டர்களின் வேலை, 12 வோல்ட்டிலிருந்து பிராசஸருக்கு வேண்டிய ஏறத்தாழ 1.5 வோல்ட்டாக மாற்றிய மின்சாரத்தை அலையில்லாமல் சமப்படுத்துவது. அவை பலவீனமானால் உள்ளே தடை ஏறும். குளிர்ந்திருக்கும்போது அந்தத் தடை இன்னும் அதிகம். பல தடவை ஆன் செய்யும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி, தடை இறங்கி, பெட்டி எழுந்துவிடும். காலையில் எழ மறுத்ததற்கும், எழுந்தபின் நாள் முழுக்க ஓடியதற்கும் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது நின்ற இடத்தைத் தானே இத்தனை காலமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அது உலகம் முழுவதும் நடந்த ஒரு கோளாறு என்று பிறகு படித்தேன். 1999 முதல் 2007 வாக்கில் சந்தைக்கு வந்த மதர்போர்டுகள், எஸ்எம்பிஎஸ்கள், மானிட்டர்கள் பலவற்றில் இந்த மாதிரிக் கெப்பாசிட்டர்கள் ஆயுள் முடியும் முன்பே உப்பின. உள்ளே இருக்கும் நீர் கலந்த திரவத்தில் அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்கும் சேர்மானங்கள் சரியாக இல்லாததால், ஹைட்ரஜன் வாயு உருவாகி அழுத்தம் ஏறியது. தலையில் இருக்கும் கீறல், அந்த அழுத்தம் வெடிக்காமல் வெளியேறுவதற்கான வழி. சூடு ஏற ஏற இவற்றின் ஆயுள் குறையும். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. மதுரையில் சித்திரை மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, இரவும் பகலும் ஓடிய பெட்டிக்குள் அந்தக் கணக்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்திருக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் சொல்லிவைத்து, 105 டிகிரி தாங்கக்கூடிய, தடை குறைந்த ரகக் கெப்பாசிட்டர்களை இரவு பஸ்ஸில் பார்சலாக வரவழைத்தோம். கழற்றுவதற்கு முன் அண்ணன் போர்டின் படத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று குறித்துக்கொண்டார். தலைகீழாக மாட்டினால் வெடித்துவிடும். போர்டின் உள் அடுக்குகளில் இருக்கும் செம்பு சால்டரிங் அயர்னின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புதிய ஈயம் சேர்த்து இளகவைத்து, காலை மெதுவாக ஆட்டி ஆட்டித்தான் வெளியே எடுக்க முடியும். அவசரப்பட்டால் துளையின் உள்பூச்சு கையோடு வந்துவிடும். அந்த வேலை நடந்த மாலை முழுக்க டிடிபிகாரர் கடையை விட்டு நகரவில்லை. வாங்கிக்கொடுத்த டீயையும் குடிக்கவில்லை.

முதல் தடவையிலேயே ஒரு பீப். திரையில் எழுத்து. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் அதோடு விடவில்லை. “பெட்டி வந்துருச்சு. இனி பாட்ட எடுத்து வெளிய வைங்க” என்றார். டிஸ்க்கின் சத்தமும் அவருக்குப் பிடிக்கவில்லை. பேஜ்மேக்கர் கோப்புகளைச் சிடியில் எழுதத் தொடங்கியபோது, விண்டோஸின் ஃபாண்ட்ஸ் போல்டரையும் சேர்த்து எழுதச் சொன்னார். இது ஆங்கிலத்தில் அடிப்பவர்கள் அவ்வளவாக யோசிக்க வேண்டியிராத விஷயம். அந்தக் காலத்து டிடிபி ஃபாண்ட்களில் ஒவ்வொரு கம்பெனியும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்காரவைத்திருந்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளைத் தரமாக அறிவித்த பிறகும் பழைய ஃபாண்ட்கள் கடைகளில் தொடர்ந்தன. 2010இல்தான் யூனிகோடை அரசு தரமாக ஏற்றது. அடித்த ஃபாண்ட் இல்லாமல் அந்தக் கோப்பைத் திறந்தால் தாலாட்டு இருக்கும் இடத்தில் புரியாத குறிகள்தாம் இருக்கும். ஆகவே கோப்பும் ஃபாண்ட்டும் ஒன்றாகப் பிழைத்தால்தான் பாட்டு பிழைக்கும்.

அண்ணனின் காது பொய் சொல்லவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு அந்த டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதன் ஒலி அது. அந்த நிலையில் மீண்டும் மீண்டும் ஆன் செய்துபார்ப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து, ஒவ்வொரு தடவையும் தட்டின் மேற்பரப்பு இன்னும் சேதமாகலாம். டிடிபிகாரர் உடனே அணைத்துவிட்டு வந்தார். பாட்டுகள் சிடியில் பத்திரமாக இருந்ததால் அவர் முகத்தில் பதற்றம் இல்லை. புதிய டிஸ்க்கை மாட்டிக் கொடுத்தோம். சிடி இல்லாமல் இதே நிலையில் வந்த மற்றவர்களுக்கு, நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் சிடியிலிருந்தோ, அப்போது தபாலில் இலவசமாகவே அனுப்பிவந்த உபுண்டு சிடியிலிருந்தோ கம்ப்யூட்டரைக் கிளப்பி, விண்டோஸைத் தொடாமல் கோப்புகளைப் பிரதி எடுக்க முயல்வோம். டிடிரெஸ்க்யூ என்ற நிரல் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, சேதமான பகுதிகளைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க்கிடம் அப்படித்தான் கேட்க வேண்டும். சிலருக்கு முழுவதும் கிடைத்தது. சிலருக்குப் பாதி. ஒன்றுமே கிடைக்காமல் படியிறங்கிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்றைய பெட்டிகள் மாறிவிட்டன. பயாஸின் இடத்தில் யுஇஎஃப்ஐ வந்துவிட்டது. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு இல்லை, அதனால் சாவதற்கு முன் அது டிக் டிக் என்று எச்சரிப்பதும் இல்லை. பல லேப்டாப்களில் ராமையே போர்டோடு ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள், ரப்பரால் தேய்க்க எதுவும் கிடையாது. ஆனாலும் இப்போது வரும் டெஸ்க்டாப் மதர்போர்டுகள் பலவற்றின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகளைப் பார்க்கிறேன். சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். கிளம்பும்போது அவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறதோ அந்த விளக்கு அணையாமல் எரியும். அண்ணன் கேட்கச் சொன்ன கேள்வியை இன்றைக்கு போர்டே கேட்டுப் பதிலும் சொல்கிறது.

நின்ற பெட்டியைக் கடைக்குக் கொண்டுவருபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். ஆன் ஆகவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். விளக்கு எரிந்ததா, ஃபேன் சுற்றியதா, சத்தம் வந்ததா, திரையில் என்ன எழுத்து வந்தது, கடைசியாக ஓடியபோது என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். திரையில் வந்த வரியைப் போனில் படம் எடுத்து வாருங்கள். அந்தத் தகவல் உங்கள் காசையும் மிச்சப்படுத்தும், நல்ல பாகங்கள் குப்பைக்குப் போவதையும் தடுக்கும். “முழுசா போச்சு” என்ற தீர்ப்போடு வந்த பெட்டிகளில் முழுவதும் போனவை மிகச் சிலதான். பெரும்பாலும் ஒரு கை மட்டும் தவறியிருக்கும், மற்றவை எல்லாம் தத்தம் இடத்தில் தயாராகவே இருக்கும்.

எது வரைக்கும் வந்தது என்று கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் பொறுப்பு. இழக்கக் கூடாததை இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வைப்பது உரிமையாளரின் பொறுப்பு. முதலாவதை எவ்வளவு திறமையாகச் செய்தாலும் இரண்டாவதின் இடத்தை அது நிரப்பாது. பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள்.